நூற்றுக்குக் கீழே

நூற்று முப்பத்தொன்று. சூளையின் பக்கவாட்டில் இருந்த சின்னப் பெட்டி சிவப்பு எழுத்தில் அப்படித்தான் காட்டியது. சுலோச்சனா பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தபோதும் அதைத்தான் காட்டியது, இப்போதும் அதைத்தான் காட்டுகிறது, சனியன், ஒரு எண் இறங்குவதற்கு இத்தனை யோசனையா. நூற்றுக்குக் கீழே வந்தால்தான் மூடியில் கை வைக்கலாம், அது இந்தக் கூடத்தின் சட்டம். சுவரில் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறார்கள், அதற்கு அடியில் யாரோ குறும்புக்கு 'எட்டியும் பார்க்கக் கூடாது' என்று பென்சிலால் சேர்த்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தரை மணி. சிங்காநல்லூரில் மூடிப்போன நூல் மில் ஒன்றின் பஞ்சுக் கிடங்குதான் இப்போது மண் பாத்திரம் செய்யக் கற்கும் கூடமாகியிருந்தது. உயரமான கூரை, கண்ணாடி பதித்த சாய்ப்பு, அதன் வழியாக வெயில் தாராளமாக விழுந்தது. பயப்படுவதற்கு ஏற்ற இடமே இல்லை, ஆனாலும் அவள் நாற்காலியை ஒரு சாண் தள்ளிப் போட்டுக்கொண்டாள். பதினாலு பேர் சேர்ந்து நடத்தும் கூடம், ஆளுக்கு ஒரு முறை சூளைக்குக் காவல் இருக்க வேண்டும். இன்றைக்கு அவள் முறை இல்லை, ஜெசிந்தா டீச்சருடையது, கேட்டு வாங்கிக்கொண்டாள். "உங்களுக்கு என்னத்துக்குக்கா சிரமம்?" என்ற ஜெசிந்தாவிடம், "வூட்ல சும்மாதான இருக்கறனுங்க" என்று சொல்லிவிட்டாள். சும்மா இருப்பது என்னவோ நிஜம்தான். ஆனால் மூடி திறக்கும்போது தான் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் காரணம். உள்ளே மூன்று அடுக்கில் பதினாலு பேருடைய நாற்பது சாமான்கள் இருந்தன, அதில் அவளுடையது ஒன்றே ஒன்று, கைப்பிடி இல்லாத ஒரு டம்ளர். அந்த டம்ளரில் அவர் இருக்கிறாரா, இல்லை அது ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் இருக்கிறாரா என்பது இன்றைக்குத் தெரிந்துவிடும்.

அவர் என்றால் நாச்சிமுத்து, அவளுடைய வீட்டுக்காரர், போன ஐப்பசியில் செத்துப்போனவர். உயிரோடு இருந்தவரைக்கும் இந்தக் கிடங்குப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. கணபதியில் பட்டறை வைத்திருந்தார், கிணற்று மோட்டாருக்கு இரும்பில் வார்ப்பு அடித்துக் கொடுக்கிற பட்டறை. அச்சிலிருந்து வந்த ஒவ்வொன்றையும் ஸ்பேனரால் தட்டிப் பார்ப்பார், கணீரென்றால் சரக்கு நல்லது, சத்தம் செத்துப்போய் வந்தால் உள்ளே எங்கேயோ கண்ணுக்குத் தெரியாத விரிசல் என்று ஒதுக்கிவிடுவார். அப்படித் தட்டித் தட்டிப் பழகின கை வீட்டுக்கு வந்தால் மட்டும் சும்மா இருக்குமா? தேங்காயைத் தட்டுவார், தர்பூசணியைத் தட்டுவார், புதிதாக வாங்கின பிரிட்ஜின் கதவைத் தட்டிவிட்டுத் தலையை ஆட்டுவார், பெண் பார்க்க வந்த அன்றைக்குக் காப்பி டம்ளரைக்கூட ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் வாயில் வைத்தார், ஜன்னல் மறைவிலிருந்து பார்த்த சுலோச்சனாவுக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் முப்பத்தொரு வருஷம் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அவளைக் கூப்பிடுவதும் அப்படித்தான். பெயர் சொல்லமாட்டார், ஏ என்றோ இந்தா என்றோகூடச் சொல்லமாட்டார். லேத்தில் தானே கடைந்து போட்டுக்கொண்ட எவர்சில்வர் மோதிரம் ஒன்று வலதுகை விரலில் இருக்கும், அதால் காலி டம்ளரின் விளிம்பில் மூன்று தட்டு. டிங், டிங், டிங். வா என்று அர்த்தம். கொல்லையில் இருந்தாலும் மொட்டை மாடியில் இருந்தாலும் "இதா வந்துட்டனுங்க" என்று குரல் கொடுத்துக்கொண்டே போவாள். ஆட்டையும் மாட்டையும் இதைவிட மரியாதையாகக் கூப்பிடுகிறார்கள் என்று மனசுக்குள் திட்டுவாள், திட்டிக்கொண்டே போவாள். மொத்த வாழ்க்கையிலும் ஒரே ஒரு நாள்தான் போகவில்லை.

அதை இப்போது நினைக்கக் கூடாது, எண்ணைப் பார்ப்போம் என்று பார்த்தாள். நூற்று இருபத்தெட்டு. பரவாயில்லை, மூன்று இறங்கியிருக்கிறது. சூளை பெரிய எட்டுமுகத் தகரப் பெட்டி, இடுப்பு உயரம், மேலே கனத்த மூடி. பக்கத்தில் உட்கார்ந்தால் கன்று ஈன்ற மாட்டின் வயிற்றுப் பக்கம் உட்கார்ந்த மாதிரி ஒரு கதகதப்பு அடித்தது, அதோடு சுட்ட கல்லின் வாசனை. இதே மாதிரி ஒரு பெட்டிக்குள்ளேதானே அவரையும் தள்ளினார்கள். அவள் பார்க்கவில்லை, பொம்பளைகள் சுடுகாட்டுக்குப் போவதில்லை, மகன் திருமூர்த்திதான் வந்து சொன்னான், "இப்பெல்லாம் விறகு இல்லீங்ம்மா, மிஷின்தான், முக்கா மணி நேரத்துல முடிஞ்சிருது" என்று, என்னவோ நல்ல சேதி மாதிரி. மூன்றாம் நாள் சாம்பலைக் கலயத்தில் வாங்கிவந்து பின்வாசல் முருங்கை மரத்தடியில் வைத்துவிட்டு, பேரூருக்குப் போய் நொய்யலில் கரைப்பதற்கு முன்னால் குளிக்கப் போனான். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே சுலோச்சனா மஞ்சள் துணியை அவிழ்த்தாள். சாம்பிராணி டப்பி ஒன்றில் இரண்டு கரண்டி. திருடுகிறவள் மாதிரி இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டாள். ஏன் எடுத்தாய் என்று யாராவது கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. முழுசாகக் கரைந்து ஓடிவிட்டால் அவரிடம் சொல்ல வேண்டிய ஒரு வார்த்தையை வைக்க இடமே இல்லாமல் போய்விடும் என்று தோன்றியது. அந்த டப்பி அரிசி டிரம்முக்குள் ஆறு மாதம் கிடந்தது. ஒவ்வொரு தடவை அரிசி அளக்கும்போதும் விரல் அதில் இடிக்கும், டிரம்மின் தகரத்தில் டப்பி மோதி டிங்கென்று ஒரு சத்தம் வரும்.

பாத்திரத்துக்கு மேல் பூசும் கண்ணாடிப் பூச்சுக்குக் கூடத்தில் கிளேஸ் என்றுதான் பெயர். கல்மாவும் இன்னும் என்னென்னவோ மாவும் கரைத்து பக்கெட் பக்கெட்டாக வைத்திருப்பார்கள், ஒவ்வொன்றுக்கும் அவர்களே வைத்த பெயர், மோர், காப்பி, பாசி. சுடுவதற்கு முன்னால் எல்லாமே பழைய சோற்றுத் தண்ணீர் மாதிரிதான் இருக்கும், எது என்ன நிறத்தில் வரும் என்று சூளை திறந்தால்தான் கண்ணுக்குத் தெரியும். கூடத்தைப் பார்த்துக்கொள்கிற நவநீதன், அவளைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவன், ஒரு நாள் எல்லோருக்கும் விளக்கும்போது எலும்புச் சாம்பலும் இதில் போடுவதுண்டு என்றான். "யாரோட எலும்புங்க?" என்று கேட்டுவிட்டு சுலோச்சனா நாக்கைக் கடித்துக்கொண்டாள். எல்லோரும் சிரித்தார்கள். "மாட்டெலும்புங்க்கா, சுட்டுப் பொடி பண்ணி வரும். போட்டா பாலாட்டம் ஒரு மங்கல், சமயத்துல லேசா ஒரு நீலம்கூட ஓடும்" என்றான். அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அரிசி டிரம்முக்குள் கையை விட்டாள். அப்போதுதான் எல்லாம் ஒழுங்காகத் தெரிந்தது. ஒரு டம்ளர் செய்ய வேண்டும், அவர் குடிக்கிற அளவில். அதன் பூச்சில் அவரைக் கலக்க வேண்டும். தினமும் பதினோரு மணிக்கு அதில் காப்பி ஊற்றி, குடித்து முடித்து, முன்வாசலில் அவருடைய நாற்காலிக் கையில் வைத்து, தானே மூன்று தட்டுத் தட்டிவிட்டு உள்ளே ஓடிப்போய், அங்கிருந்து "இதா வந்துட்டனுங்க" என்று சொல்லிக்கொண்டே வெளியே வர வேண்டும். பைத்தியக்காரத்தனம்தான். வாய்விட்டு யாரிடமாவது சொன்னால் திருமூர்த்தி ஓசூரிலிருந்து லீவு போட்டுவிட்டு வந்து டாக்டரிடம் கூட்டிப்போவான். ஆனால் நினைக்க நினைக்க அது ஒன்றுதான் நியாயமாகப் பட்டது. சக்கரத்தில் மண் ஏறுவதற்கே இரண்டு மாதம் ஆனது, பதினாறு டம்ளர் கோணிப்போய்ப் பதினேழாவதுதான் நேராக நின்றது.

டிங்.

சுலோச்சனா எழுந்துவிட்டாள். என்ன ஏதென்று யோசிப்பதற்குள் கால் தானாக எழுந்து நின்றுவிட்டது, முப்பத்தொரு வருஷப் பழக்கம், வாய்கூடத் திறந்துவிட்டது. பிறகுதான் சத்தம் சூளைக்குள்ளிருந்து வந்தது என்று தெரிந்தது. நூற்று இருபத்தொன்று. நவநீதன் சொல்லியிருக்கிறான், ஆறும்போது மண் ஒரு பங்கு சுருங்கும், மேலே உள்ள கண்ணாடி வேறொரு பங்கு சுருங்கும், ஒத்துப்போகவில்லை என்றால் கண்ணாடி மயிரிழை மயிரிழையாக விரிசல் விடும், அப்போது மணி மாதிரி சத்தம் வரும், "கேக்கறதுக்கு நல்லா இருக்கும், பாத்தரத்துக்குத்தான் நல்லதில்லீங்க" என்று. அவ்வளவுதான். மண்ணும் கண்ணாடியும் ஒத்துப்போகவில்லை. யார் வீட்டில்தான் ஒத்துப்போகிறது? அவள் உட்கார்ந்தாள். ஆனால் மோர் பூச்சு இதுவரைக்கும் ஒரு தடவையாவது சத்தம் போட்டிருக்கிறதா? அவர் போன பிறகு கூடத்தில் சேர்ந்த இந்த எட்டு மாதத்தில் ஆறு தடவை சூளை திறந்ததைப் பார்த்திருக்கிறாள், காப்பி சத்தம் போடும், மோர் ஊமை. இன்றைக்கு உள்ளே இருப்பது பூராவும் மோர், எல்லோருக்கும் ஒரே பூச்சு என்று பேசி வைத்துக்கொண்டு செய்த சாமான்கள். டிங், டிங். அவள் நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டாள். எண்ணக் கூடாது என்று சொல்லிக்கொண்டே எண்ணினாள், மூன்று. அப்புறம் ஒன்றும் இல்லை. கூரையில் ஒரு புறா நடந்தது. வெளியே ரோட்டில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது, அந்தச் சத்தம் எத்தனை ஆறுதலாக இருந்தது என்று சொல்லி முடியாது.

புதன்கிழமைதான் பூச்சு முக்கும் நாள். அதைத்தான் அவள் நாலு நாளாகத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறாள், மாவரைக்கும் கல் மாதிரி ஒரே இடத்தில். டப்பியை இடுப்பில் செருகிக்கொண்டு போனாள், முந்தின நாளே கல்வத்தில் இடித்து, தேயிலை வடிகட்டியில் சலித்து, திருநீறு மாதிரி ஆக்கியிருந்தாள், இடிக்கும்போது அழவில்லை, சலிக்கும்போதுதான் மேலே தங்கினதைப் பார்த்து அழுதாள். மோர் பக்கெட்டிலிருந்து இரண்டு எவர்சில்வர் மக்கில் கரைசல் எடுத்தாள். ஒன்றில் டப்பியைக் கவிழ்த்துக் கரண்டியால் கலக்கினாள், இன்னொன்று ஒருவேளை குறைந்தால் சேர்த்துக்கொள்ள என்று வைத்தாள். இரண்டு மக்கும் ஒரே மாதிரி, இரண்டிலும் ஒரே மாதிரித் தண்ணீர். அந்த நேரம் பார்த்துத்தான் திருமூர்த்தி போன் பண்ணினான். கேஸ் புக் பண்ணினீங்களா, பிரஷர் மாத்திரை இருக்கா, வழக்கமான விசாரணை. கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்ப் பேசிவிட்டு அஞ்சு நிமிஷத்தில் திரும்பி வந்தால் மேசையில் ஒரு மக்குதான் இருக்கிறது. இன்னொன்று கழுவிக் கவிழ்த்தாகிவிட்டது. ஜெசிந்தா டீச்சர் ஈரக் கையை உதறிக்கொண்டு நிற்கிறாள். பள்ளிக்கூடத்தில் டிரில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள், நாசரேத்துக்காரி, நல்ல மனசு, ஆனால் ஒரு சாமான் இடம் தவறி இருந்தால் கை பரபரக்கும். "ஒரு டம்ளருக்கு ரெண்டு மக்கு என்னத்துக்குக்கா? ஒண்ண பக்கெட்லயே ஊத்திட்டேன். வீணாப் போவப்பிடாதுல்லா." கூடத்தின் வழக்கம் அது. பூச்சில் ஒரு சொட்டும் சாக்கடைக்குப் போகக் கூடாது, மீந்தது பக்கெட்டுக்கே திரும்ப வேண்டும். ஜெசிந்தா செய்ததில் ஒரு குற்றமும் இல்லை. எந்த மக்கை ஊற்றினாள்? சுலோச்சனா மிச்சமிருந்த மக்குக்குள் குனிந்து பார்த்தாள், மூக்கு படுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தாள். அடியில் என்னவோ கறுப்பாக ஒரு பொடி தெரிந்த மாதிரி இருந்தது. இருந்ததா? இருந்தது என்று வைத்துக்கொண்டாள். வைத்துக்கொண்டு, டம்ளரை அதில் முக்கி எடுத்தாள்.

அப்போதே சொல்லியிருக்கலாம். டீச்சர், கொஞ்சம் பொறுங்க, அந்தப் பக்கெட்டை யாரும் தொடாதீங்க என்று ஒரு வார்த்தை. சொல்லவில்லை. அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். புதன் சாயங்காலமும் வியாழன் பூராவும் ஆள் ஆளாக வந்தார்கள், நவநீதன் முழங்கை வரைக்கும் கையை விட்டு அடியிலிருந்து கலக்கிக் கொடுத்தான், ஒவ்வொருவரும் சிரித்துப் பேசிக்கொண்டே தங்கள் கிண்ணத்தையும் குவளையையும் அதில் முக்கி எடுத்தார்கள். முப்பத்தொன்பது தடவை முக்கினார்கள். ஒவ்வொரு தடவையும் அவளுக்கு நெஞ்சுக்குள் ஒரு தட்டு விழுந்தது, எழுந்திரு, போய்ச் சொல் என்று, ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்ச நேரம் கழித்துப் போகலாம் என்று உட்கார்ந்திருந்தாள். ஒருவேளை அவரைக் கலந்த மக்கே பக்கெட்டுக்குப் போய்விட்டிருந்தால் என்ன ஆகும் என்று யோசிக்காமல் இருக்கத்தான் பார்த்தாள், ஆனால் யோசனை எங்கே விடுகிறது. பதினோரு மணி. பீளமேட்டில் ஒரு வீடு, ராமநாதபுரத்தில் ஒரு வீடு, சரவணம்பட்டி அபார்ட்மெண்டில் ஒன்பதாவது மாடி. பதிமூன்று வீட்டுச் சமையலறையிலும் மேசை மேல் கழுவி வைத்த கிண்ணம் தானாக டிங், டிங், டிங் என்கிறது. பதிமூன்று பொம்பளைகள் கை வேலையைப் போட்டுவிட்டு வந்து "கூப்டீங்களா?" என்று புருஷனைக் கேட்கிறார்கள், அவன் இல்லையே என்கிறான். ராத்திரி சாப்பாட்டில் அவரை வைத்து ரசம் குடிக்கிறார்கள். குழந்தைக்குப் பருப்புச் சாதம் ஊட்டுகிறார்கள். அவருக்கு அடுத்த வீட்டில் கை நனைப்பதே பிடிக்காது, ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கக் கூச்சப்படுகிற மனுஷன், அவரைப் போய்ப் பதிமூன்று வீட்டுக்குப் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டோமே.

நூற்றுப் பத்து. கடிகாரத்தைப் பார்க்கவே கூடாது என்று நினைத்தாள், பார்த்தாள், பதினொன்று ஆகியிருந்தது. அன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமைதான், பதினோரு மணிதான். காலையில் இட்லி வைக்கும்போது பேப்பரோடு வந்த நோட்டீசைக் காட்டி, சிங்காநல்லூரில் மண் பாத்திரம் செய்யச் சொல்லிக்கொடுக்கிறார்களாம், போகட்டுமா என்று கேட்டாள். அவர் நோட்டீசை வாங்கவே இல்லை. "மண்ணப் பெசஞ்சு என்ன பண்ணப் போற? பெசையோணும்னா வூட்ல கோதும மாவு கெடக்குது" என்றார். சொல்லிவிட்டு இட்லித் தட்டை ஒரு தட்டுத் தட்டினார், சட்னி வேண்டும் என்று. வைத்தாள். உள்ளே கொதித்துக்கொண்டு வைத்தாள். அப்புறம் கொல்லைக்குப் போய் அவருடைய வேட்டிகளைத் துவைத்து அலசி பக்கெட்டில் நீலம் போட்டுக்கொண்டிருந்தாள். டிங், டிங், டிங். கேட்டது. நன்றாகக் கேட்டது. கையில் நீலத் தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றாள், இன்றைக்குப் போவதில்லை, வேண்டுமானால் எழுந்து வரட்டும், கால் இருக்கிறதல்லவா என்று நினைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் டிங், டிங், டிங். இந்தத் தடவை வேகமில்லை. போகட்டும் என்று வேட்டியைத் தண்ணீருக்குள் அமுக்கினாள். அப்புறம் ஒரே ஒரு டிங். விரல் வழுக்கின மாதிரி. அதோடு சரி. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தாள், கடவுளே, ஜெயித்துவிட்டோம் என்று சிரித்தாள்கூட. வேட்டி நீலத்தில் ஊறிக்கொண்டே கிடந்தது. கால் மணி கழித்து முன்வாசலுக்கு வந்தபோது அவர் நாற்காலியில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார், டம்ளர் மடியில் கிடந்தது. மாரடைப்பு, நொடியில் போயிருக்கும், பக்கத்தில் இருந்தாலும் ஒன்றும் பண்ணியிருக்க முடியாது என்றார் டாக்டர். நொடியிலா? ஏழு தட்டுத் தட்டியிருக்கிறாரே. அதை அவள் டாக்டரிடம் சொல்லவில்லை, மகனிடம் சொல்லவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. நீலம் கூடிப்போன அந்த வேட்டியைத்தான் அவருக்குக் கட்டிவிட்டார்கள், யாரோ பிழிந்து கொடியில் போட்டதில் காய்ந்தது அது ஒன்றுதான். வந்து பார்த்தவர்கள் எல்லோரும் மூஞ்சியைத்தான் பார்த்தார்கள், அவள் ஒருத்திதான் வேட்டியின் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டிங், டிங், டிங். சூளைக்குள் ஒரு சத்தத்துக்கும் இன்னொரு சத்தத்துக்கும் நடுவில் இருந்த இடைவெளி அவளுக்கு மனப்பாடமான இடைவெளி. மண், கண்ணாடி, சுருக்கம் என்று நவநீதன் சொன்னதை ஜபம் மாதிரி சொல்லிப் பார்த்தாள். பிறகு, அவளுக்கே தெரியாமல், காதை மூடியின் பக்கம் சாய்த்தாள். மேல் அடுக்கிலிருந்தா, நடு அடுக்கிலிருந்தா? அவளுடைய டம்ளர் அடி அடுக்கில் இருக்கிறது. அடியிலிருந்து வந்தால் பயமில்லை, அவள் வீட்டுக்கே கொண்டுபோய்விடுவாள். டிங், டிங். மேலேயிருந்துதான் வந்தது. இல்லை, சூளைக்குள் எல்லாச் சத்தமும் மேலேயிருந்து வருகிற மாதிரிதான் கேட்கும். அப்படியே காதைக் கொடுத்துக்கொண்டு எத்தனை நேரம் நின்றாளோ, "எட்டிப் பாக்கக் கூடாதுன்னு போட்டிருக்குதுங்களே அக்கா" என்று பின்னால் ஒரு குரல் கேட்டுத் தூக்கிவாரிப்போட்டது. நவநீதன். அவனுக்குப் பின்னால் வெங்காய போண்டாப் பொட்டலத்தோடு ஜெசிந்தா. பெட்டியில் எண் நூற்று மூன்று. போண்டாவைப் பிட்டுக்கொண்டு அவர்கள் பேசினார்கள், அவள் தலையாட்டினாள். நூற்று இரண்டு, நூற்று ஒன்று, நூறு, நூறு, நூறு. தொண்ணூற்றொன்பது.

நவநீதன் தடித்த கையுறையைப் போட்டுக்கொண்டு மூடியைத் தூக்கினான். சூடான மூச்சு ஒன்று எழும்பி மூன்று பேர் முகத்திலும் அடித்தது. மேல் அடுக்கைப் பார்த்த ஜெசிந்தா "ஆண்டவரே" என்றாள். எல்லாம் நீலம். பளிச்சென்ற நீலம் இல்லை. வெள்ளைதான், ஆனால் வெள்ளைக்குள் எங்கேயோ ஆழத்தில் நீலம், சாய்ந்து பார்த்தால் தெரியும், நேராகப் பார்த்தால் ஒளிந்துகொள்ளும். ஜெசிந்தா வானம் என்றாள், நவநீதன் என்னவோ வெளிநாட்டுப் பெயர் சொன்னான். சுலோச்சனாவுக்கு அது என்ன நிறம் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "நம்ம மோரு பக்கெட்டாங்க இது?" என்று நவநீதன் ஒவ்வொன்றாக எடுத்து மேசைக்கும் அலமாரிக்கும் மாற்றினான். "வெள்ளிக்கெழம கரண்டு போயி போயி வந்துச்சுங்களே, மெதுவா ஆறியிருக்கும், அதுலதான் நீலம் ஓடியிருக்கோணும்." வெளிக்காற்றுப் பட்டதும் கிண்ணங்கள் பேச ஆரம்பித்தன, இங்கே ஒன்று, அங்கே ஒன்று. நடு அடுக்கும் நீலம். அடி அடுக்கும் நீலம். கடைசியாக மூலையிலிருந்து அவளுடைய டம்ளரை எடுத்து நவநீதன் வெயிலில் பிடித்தான். பால் வெள்ளை. பழைய மோர் வெள்ளை. சுற்றிச் சுற்றிப் பார்த்தான். "உங்குளுது மட்டும் எப்படிங்க்கா? அதே சூளை, அதே பக்கெட்டு." நகத்தால் சுண்டினான், கணீரென்றது. "ஒரு விரிசல் இல்லீங்க. இருக்கறதுலயே இதுதான் சுத்தம்" என்று அவள் கையில் கொடுத்தான். இளஞ்சூடாக இருந்தது. காதில் வைத்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. அத்தனை பாடுபட்டு, திருடி, இடித்து, சலித்து, கடைசியில் கூடத்தில் உள்ள எல்லோருக்கும் அவர் கிடைத்துவிட்டார், அவளுக்குத்தான் கிடைக்கவில்லை.

அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். ஜெசிந்தா தன்னுடைய டம்ளரைக் கண்டுபிடித்து, சேலையில் துடைத்து, அந்தக் கோடியில் இருந்த மேசையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தாள். சுலோச்சனா கேட்டேவிட்டாள். "டீச்சர், அத எனக்குக் குடுத்துர்றீங்களா? என்றத நீங்க எடுத்துக்குங்க. விரிசலே இல்லையாம்." ஜெசிந்தாவுக்குச் சங்கடமாகிவிட்டது. "வேற என்னம்னாலும் கேளுங்கக்கா. முதமுதல்ல எனக்கு நேரா வந்தது இதாக்கும். ஏன், எதுக்குக் கேக்கீங்க?" எதுக்கு என்று சொல்ல வேண்டுமானால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும், பக்கெட்டைச் சொல்ல வேண்டும், டப்பியைச் சொல்ல வேண்டும், நீலத் தண்ணீரில் கையை வைத்துக்கொண்டு நின்றதைச் சொல்ல வேண்டும். "சும்மாதானுங்க" என்றாள். ஜெசிந்தா கை கழுவக் குழாய்ப் பக்கம் போனாள். நவநீதன் சூளைக்குள் குனிந்து அடுக்குப் பலகைகளைத் தூக்கிக்கொண்டிருந்தான். இன்னும் ஒரு மணி நேரத்தில் ஒவ்வொருவராக வருவார்கள், பையில் போட்டுக்கொண்டு போவார்கள், அவர் நகரம் பூராவும் போய்விடுவார், அப்புறம் எந்த வீட்டில் எந்தத் தட்டு என்று தெரியவே போவதில்லை.

டிங், டிங், டிங். ஜெசிந்தாவின் டம்ளர். மேசையில் தனியாக, வெயிலில் நின்றது. அலமாரியில் மற்றவையெல்லாம் எப்போதோ அடங்கிவிட்டிருந்தன. சுலோச்சனா நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் டிங், டிங், டிங், இந்தத் தடவை வேகமில்லாமல். "பாத்தீங்களாக்கா, யாரையோ கூப்பிடுத மாதிரில்லா இருக்கு" என்று குழாயடியிலிருந்து ஜெசிந்தா சிரித்தாள்.

"இதா வந்துட்டனுங்க!"

அத்தனை சத்தமாக வரும் என்று அவளே நினைக்கவில்லை, கூரைப் புறா படபடவென்று பறந்தது, நவநீதன் சூளைக்குள்ளிருந்து தலையை எடுத்துப் பார்த்தான். அதற்குள் அவள் பாதி தூரம் போயிருந்தாள், முழங்கால் வலியை மறந்து, வழியில் கிடந்த வாளியைத் தாண்டி, ஈரமே இல்லாத கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே. மேசைக்கு முன்னால் போய் நின்று மூச்சு வாங்கினாள். "வந்துட்டனுங்க. சொல்லுங்க" என்றாள். ஏழாவது சத்தத்துக்காகக் குனிந்து காத்திருந்தாள். ஒரு நிமிஷம் ஆனது, இரண்டு நிமிஷம் ஆனது. அது வரவே இல்லை. ஜெசிந்தா ஈரக் கையோடு பக்கத்தில் வந்து, அவள் முகத்தையும் டம்ளரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, டம்ளரை எடுக்க நீட்டின கையைப் பாதியில் நிறுத்தினாள். "யாருகிட்டக்கா பேசுதீங்க?" என்று மெதுவாகக் கேட்டாள். சுலோச்சனா இரண்டு முக்காலிகளை இழுத்துப் போட்டாள். "உக்காருங்க டீச்சர். நவநீதா, நீயும் வா சாமி" என்றாள். "எல்லாரும் வர்றதுக்குள்ள ஒண்ணு சொல்லிப்போடோணும்."